வியப்பு விளையும் தொழிற்கூடம்

மனத்தில் எழும் உணர்வுகளை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்துக் கூறிய தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாக மருட்கையை வைத்தார். மருட்கை என்பது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றும் அவர் வரையறுத்தார். முன்பு காணாத ஒன்றைக் காணும்போதும், அளவிற் பெரியதைக் காணும்போதும், மிக நுண்ணியதைக் காணும்போதும், ஒன்று வேறொன்றாக மாறி அமைவதைக் காணும்போதும் நம் மனம் மருள்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மெய்ப்பாட்டியலைப் பயின்ற நாளில், எங்கள் விரிவுரையாளர் ஒவ்வொன்றிற்கும் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தரும்படி கேட்பார். இன்று அவர் கேட்பாராயின், மருட்கையின் நான்கு நிலைக்களன்களுக்கும் ஒரே இடத்திலிருந்து எடுத்துக்காட்டுத் தருவேன். காமிரா தயாரிக்கும் தொழிற்கூடமே அவ்விடம்.

காமிரா என்பது பிறருடைய வியப்பைப் பிடித்து வைக்கும் கருவி. அதனை நாள்தோறும் செய்து அனுப்புவோருக்கு வியப்பு மிஞ்சுமா? மிட்டாய்க் கடைக்காரருக்கு இனிப்புத் திகட்டுவதுபோல அவர்களுக்கும் எல்லாம் திகட்டிப் போயிருக்கும் என்றே பலரும் எண்ணுவர். என் பெரியம்மாவின் மூத்த மகள் அவ்வெண்ணத்தை என்னிடமிருந்து அகற்றினார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த அவர், 1983ஆம் ஆண்டு சிலாங்கூரில் இருந்த ஒரு காமிராத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சொன்ன செய்திகள் என்னைத் தூண்ட, உலகின் பெரிய காமிரா நிறுவனங்களின் வரலாற்றையும் பிற்காலத்தில் தேடிப் படித்தேன். அக்கா சொன்னவற்றையும் நூல்கள் சொன்னவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதலில் புதுமை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தராக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன், 1888ஆம் ஆண்டு தம் புதிய காமிராவுக்குப் பெயர் தேடினார். எந்த மொழியிலும் பொருள் இல்லாத, எவரும் பிழையாக உச்சரிக்க இயலாத ஒரு சொல் அவருக்கு வேண்டியிருந்தது. ஆங்கில எழுத்துகளுள் ‘கே’ என்பது அவருக்கு மிகப் பிடித்தது. அவர் அன்னையாரின் பிறந்தவீட்டுக் குடிப்பெயரின் முதலெழுத்தும் அதுவே. முதலிலும் முடிவிலும் அவ்வெழுத்து நிற்க, ‘கோடாக்’ என்ற சொல் பிறந்தது. உலகம் முழுவதும் பரவிய ஒரு பெயர், எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்துப் பார்த்த விளையாட்டில் உருவாயிற்று.

அந்தக் காமிராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருந்தது. வாங்கியவர் பொத்தானை அழுத்தினால் போதும். மற்றவற்றை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்பதே விளம்பரத்தின் சாரம். நூறு படங்களும் முடிந்தபின் காமிராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கிருந்த ஊழியர்கள் சுருளைக் கழுவிப் படமாக்கி, புதிய சுருளை இட்டுத் திருப்பி அனுப்புவர். எண்ணிப் பாருங்கள்: முன்பின் அறியாத மனிதர்களின் திருமணமும் பிள்ளையும் நாய்க்குட்டியும் கடற்கரையும் ஒவ்வொரு நாளும் பொட்டலமாக வந்து அவர்கள் மேசைமேல் இறங்கின. வேறெந்தத் தொழிலில் கூலியோடு இத்தகைய காட்சியும் கிடைக்கும்?

ஜப்பானிலும் ஒரு பெயர்ச் செய்தி உண்டு. தோக்கியோவின் ரொப்போங்கிப் பகுதியில் ஓர் அடுக்கு வீட்டில் தொடங்கப்பட்ட சிறிய ஆய்வுக்கூடம், 1934ஆம் ஆண்டு தன் முதற் காமிராவுக்குக் ‘குவானோன்’ எனப் பெயரிட்டு விளம்பரம் செய்தது. பௌத்தர் போற்றும் கருணைத் தெய்வத்தின் ஜப்பானியப் பெயர் அது. அதன் கண்ணாடி வில்லைக்குப் புத்தரின் சீடராகிய காசியபரின் பெயரைச் சூட்டினர். அடுத்த ஆண்டே ‘கேனன்’ என அப்பெயர் மாறியது. குவானோன் என்பவர் வடமொழியில் அவலோகிதேசுவரர். அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அந்த அவலோகிதரிடமே என்று, பதினோராம் நூற்றாண்டில் எழுந்த பௌத்த இலக்கணமாகிய வீரசோழியம் கூறுகின்றது. தமிழ் கற்பித்தவராக ஒரு நூல் போற்றும் தெய்வத்தின் பெயர் இன்று கடைத்தெருக் காமிராவின்மேல் உருமாறி நிற்கிறது. இதனை வகுப்பில் சொன்ன நாளில், எப்போதும் சன்னலையே பார்த்திருக்கும் மாணவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தனர்.

அடுத்தது சிறுமை. சிறுமை என்பது இங்கே இழிவன்று, நுண்மை. அக்காவின் வேலை, மெருகிட்டு வந்த கண்ணாடி வில்லைகளைச் சோதிப்பது. தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, உடலுக்கு வெள்ளை அங்கி. வில்லையை ஒளிக்கு முன் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். “வெறுங் கண்ணுக்குத் தெரியாத தூசு, அந்தக் கண்ணாடியில் மலை மாதிரி நிற்கும் தம்பி. ஒரு கண்ணிமை மயிர் விழுந்தால் பால்மரம் சாய்ந்து கிடப்பதைப் போல இருக்கும்” என்பார். லயத்து மண்தரையைச் சாணமிட்டு மெழுகிய கைக்கு, தூசின் வடிவம் அன்றுதான் தெரிந்ததாம்.

‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்பது நம் பழமொழி. காமிரா உலகில் அது எழுத்துக்கு எழுத்து மெய்யாயிற்று. 1880களின் தொடக்கத்தில் ஈஸ்ட்மன் செய்த ஒளிப்படத் தகடுகள் திடீரென்று ஒளியுணர்வை இழந்தன. எவ்வளவு முயன்றும் காரணம் தெரியவில்லை. தகட்டில் பூசும் பசையாகிய ஜெலட்டின் மாறிப்போனதே குற்றம் என்பது கடைசியில் புலப்பட்டது. ஆனால் ஒரு ஜெலட்டினுக்கும் மற்றொன்றுக்கும் அப்படி என்ன வேறுபாடு? அதனை 1920களின் நடுவில் கோடாக் ஆய்வுக்கூடத்துச் சாமுவேல் ஷெப்பர்டு கண்டறிந்தார். ஜெலட்டின் மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து கிடைப்பது. கடுகுச் செடி போன்றவற்றை மேய்ந்த மாட்டின் ஜெலட்டினில் கந்தகம் கலந்த நுண்பொருள் ஒன்று தங்கியிருந்தது. படச்சுருளுக்கு ஒளியைப் பற்றும் கூர்மையைத் தந்தது அதுவே. மாடுகள் கடுகை விரும்பாதிருந்தால் நாம் திரைப்படமே பார்த்திருக்க முடியாது என்று ஆய்வுக்கூடத் தலைவர் மீஸ் நகைச்சுவையாகச் சொல்வாராம்.

எல்லாச் சிறுமையும் நகைக்கத் தக்கதாக அமைவதில்லை. 1945ஆம் ஆண்டின் இறுதியில், அதே நிறுவனத்தின் எக்ஸ்-கதிர்ப் படச்சுருள்களில் காரணமின்றிக் கரும்புள்ளிகள் தோன்றின. சுருளைப் பொதிந்த வைக்கோல் அட்டையே காரணம் என்று ஊழியராகிய இயற்பியலாளர் ஜூலியன் வெப் கண்டார். அந்த அட்டை இந்தியானா மாநிலத்து ஆலை ஒன்றில், ஆற்று நீரைக் கொண்டு செய்யப்பட்டது. அந்த நீரில் கதிரியக்கத் துகள்கள் இருந்தன. எங்கிருந்து வந்தன? 1945 ஜூலை 16ஆம் நாள், 1,000 மைலுக்கும் அப்பால் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்துச் சோதிக்கப்பட்ட முதல் அணுகுண்டிலிருந்து காற்றும் மழையும் சுமந்து வந்தவை அவை. அரசு மறைத்து நடத்திய பெருநிகழ்ச்சியை ஓர் அட்டைப்பெட்டி காட்டிக்கொடுத்தது. “பழுதான சரக்கு, குப்பையில் போடு” என்று சொல்லியிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். அவர் ‘ஏன்’ என்று கேட்டார். தொழிற்கூடத்தில் மிக மலிவான பொருளும் மிக அரிய பொருளும் இந்தக் கேள்விதான்.

நுண்மைக்கு நம் அண்டை வீட்டு எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. ஜெர்மானியப் பொறியியலாளர் ஹைன்ஸ் வாஸ்கே, தாம் பணியாற்றிய நிறுவனத்திற்குத் தெரியாமல் ஓய்வு நேரத்தில் ஒரு குட்டிக் காமிராவை வடிவமைத்தார். அந்நிறுவனம் அதனை ஏற்கவில்லை. பின்னர் அவர் ரோலை நிறுவனத்தில் சேர, 1966ஆம் ஆண்டு ‘ரோலை 35’ என அது வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் காமிரா 1970களில் சிங்கப்பூரில் தயாராகி உலகெங்கும் சென்றது. 1981இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், அவர்கள் கைகள் கற்ற நுண்தொழில் மட்டும் அவர்களுடனே இருந்தது.

மூன்றாவது பெருமை. இங்கே விளம்பர விளையாட்டுகளைச் சொல்ல வேண்டும். 1900ஆம் ஆண்டு கோடாக் நிறுவனம் ஒரே டாலர் விலையில் ‘பிரௌனி’ என்னும் பெட்டிக் காமிராவைக் கொண்டு வந்தது. இரவில் வந்து வீட்டு வேலைகளைச் செய்துவிட்டு மறைந்துபோகும் குட்டிப் பூதங்களை ஸ்காட்லாந்துக் கதைகள் அவ்வாறு அழைக்கும். பாமர் காக்ஸ் என்னும் ஓவியர் வரைந்த அப்பூதங்களைச் சிறுவர்கள் பெரிதும் விரும்பினர். அவையே காமிராப் பெட்டியிலும் குதித்து விளையாடின. செல்வர் கையிலிருந்த கருவி சிறுவர் கைக்கு வந்தது.

1930ஆம் ஆண்டு நிறுவனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு. அந்த ஆண்டில் பன்னிரண்டு வயது நிரம்பும் அமெரிக்க, கனடியப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 500,000 காமிராக்களை, சுருளுடன் சேர்த்து, விலையின்றிக் கொடுத்தனர். பொருளாதாரம் சரிந்து வேலையின்மை பெருகத் தொடங்கிய காலம் அது. காமிராவைப் பெற்ற பிள்ளை நாளை சுருள் வாங்க வரும் என்னும் வணிகக் கணக்கும் இதில் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் கடைமுன் வரிசையில் நின்ற ஒரு பிள்ளைக்கு அன்று கிடைத்தது கணக்கன்று, காமிரா. பின்னர், 1950 முதல் 1990 வரை, நியூயார்க் நகரின் பெரிய தொடர்வண்டி நிலையத்தில் 18 அடி உயரமும் 60 அடி நீளமும் உடைய ஒளியூட்டிய வண்ணப்படங்களை அதே நிறுவனம் மாற்றி மாற்றி வைத்தது. வேலைக்கு ஓடுவோரும் ஒரு நொடி நின்று அண்ணாந்து பார்த்தனர்.

அக்காவின் தொழிற்சாலையில் நடந்த விளையாட்டு இவ்வளவு பெரியதன்று. 1986ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன், நிர்வாகம் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு காமிராக்களையும் 24 படச் சுருள்களையும் கொடுத்தது. குலுக்கலில் பெயர் வந்தவர் மூன்று நாள் வைத்திருந்து ‘எங்கள் வீடு’ என்னும் தலைப்பில் படம் எடுக்க வேண்டும். நல்ல படங்கள் உணவுக்கூடச் சுவரில் இடம்பெறும். அக்காவின் பெயர் வந்தது. மூன்றாண்டுகளாக ஆயிரமாயிரம் வில்லைகளைச் சோதித்தவர், ஒரு காமிராவின் பொத்தானைத் தொட்டது அன்றுதான் முதன்முறை. நான் அப்போது படிவம் மூன்று மாணவன். லயத்துக் கோடியில் எங்கள் பாட்டி, விடியற்காலைப் பெரட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டித் திரும்பி, தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரை வாசற்படியில் அமரச் சொன்னார்.

“என் மூஞ்சியில் என்னம்மா இருக்கிறது, படம் பிடிப்பதற்கு? நல்ல சேலையாவது கட்டிக்கொள்கிறேன்” என்றார் பாட்டி.

“இப்படியே இருங்கள் பாட்டி. இதுதான் நம் வீடு” என்றார் அக்கா.

அடையாள அட்டையில் ஒட்டிய சிறு படத்தைத் தவிரப் பாட்டிக்கு அதுவரை வேறு படம் இல்லை. நாற்பதாண்டு பால்வெட்டிய கை கத்தியோடு மடியில் கிடக்க, பாதிச் சிரிப்பும் பாதி நாணமுமாக அவர் அமர்ந்திருக்கும் அந்தப் படம் உணவுக்கூடச் சுவரில் ஏறியது. மலாய்த் தோழியரும் சீனத் தோழியரும் அதன்முன் நின்று, “உன் பாட்டியா? என் பாட்டியும் இப்படித்தான் உட்காருவார்” என்றனராம். முதற்பரிசு வேறொருவருக்குச் சென்றது. அக்காவுக்கு ஆறுதல் பரிசாக ஒரு குடை கிடைத்தது. பாட்டி அந்தக் குடையை எவருக்கும் இரவல் கொடுத்ததில்லை.

“அதுவரைக்கும் நான் பார்த்ததெல்லாம் கண்ணாடியில் இருக்கும் குறையைத்தான். கண்ணாடி எதற்கு என்று அந்தப் படத்தைக் கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது” என்று அக்கா ஒருமுறை என்னிடம் கூறினார். பாட்டி 1991இல் மறைந்தார். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாயிற்று. லயமும் அந்த வாசற்படியும் இன்று அந்தப் படத்தில் மட்டுமே உள்ளன. நிர்வாகம் செய்த செலவு ஒரு சுருளும் ஒரு குடையும். அதனால் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்ததை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

இறுதியாக ஆக்கம். 1943ஆம் ஆண்டு, போலராய்டு நிறுவனத்தை நிறுவிய எட்வின் லேண்ட், சாந்தா ஃபே நகரில் விடுமுறையில் இருந்தார். அவர் எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று மூன்று வயது மகள் கேட்டாள். பெரியவர் எவரும் கேட்காத கேள்வி. ஏனெனில் காத்திருப்பது பெரியவர்க்குப் பழகிப்போயிருந்தது. லேண்ட் அன்றே அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நடந்தார். 1947 பிப்ரவரியில், ஒரு நிமிடத்தில் தாள் படமாக மாறுவதை நியூயார்க்கில் அறிஞர் முன்னிலையில் செய்து காட்டினார். 1948 நவம்பர் 26ஆம் நாள், பாஸ்டன் நகர்க் கடையொன்றில் விற்பனைக்கு வைத்த 57 காமிராக்களும் அன்றைக்கே விற்றுத் தீர்ந்தன.

இதற்கு எதிரான செய்தியும் உண்டு. 1975ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன், சுருளே இல்லாத காமிரா ஒன்றைப் பலவகை உதிரிப் பொருள்களைச் சேர்த்துச் செய்தார். எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. ஒரு படத்தைக் காசெட் நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஒரு பெண்மணியை முதற்படமாக எடுத்துத் தொலைக்காட்சித் திரையில் இட்டபோது, தலைமயிரும் பின்னணியும் தெரிந்தன. முகம் மட்டும் குழம்பிக் கிடந்தது. ஆயினும் ஏதோ ஒன்று தெரிந்ததே என்று பொறியாளர்கள் மகிழ்ந்தனர். அப்பெண்மணியோ, இன்னும் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். சில கம்பிகளை மாற்றி இணைத்தபின் முகமும் தெளிந்தது.

சாஸன் மேலதிகாரிகளின் கூட்டங்களுக்குச் சென்று, அங்கிருந்தோரையே படம் எடுத்து அங்கேயே காட்டினார். தம் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க யார் விரும்புவர் என்பது அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று. 1978இல் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் அந்நிறுவனம் சுருளில்லாக் காமிராக்களைச் செய்து விற்றது என்பதும் உண்மையே. எனினும் சுருளால் வரும் வருவாயை விட்டு முழுமனத்தோடு அப்புதுவழியில் செல்ல அதனால் இயலவில்லை. 2012 ஜனவரியில் கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. அடுத்த ஆண்டு மிகச் சுருங்கிய உருவில் மீண்டது. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும் நம் போன்ற ஆசிரியர் கருத வேண்டிய காரணம் ஒன்றுண்டு. லேண்ட் ஒரு குழந்தையின் ஏனென்ற கேள்வியை ஏற்றார். கோடாக்கின் மேலதிகாரிகள் தம் ஊழியரின் கைப்பொருளைக் கண்டும், ‘யார் விரும்புவர்’ என்று கேட்டு அமைந்தனர். இரண்டும் கேள்விகளே. ஒன்று கதவைத் திறக்கக் கேட்டது. மற்றொன்று சாத்தக் கேட்டது.

பள்ளியும் ஒரு தொழிற்கூடம் என்று சிலர் கூறுவர். அந்த ஒப்புமை எனக்கு முழுதும் உடன்பாடன்று. பிள்ளைகள் வார்ப்பில் விழும் பொருள்கள் அல்லர். ஆனால் நாம் ஆசிரியர்கள், வில்லை சோதிக்கும் ஊழியரைப்போல நாள் முழுவதும் குறை தேடும் பணியில் இருக்கிறோம். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, வருகைக் குறைவு, மதிப்பெண் குறைவு எனச் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். அப்பணி தேவையே, தூசு படிந்த வில்லை தெளிந்த படம் தராது. ஆனால் பிழைதேடும் கண்ணுக்கு இடையிடையே பொத்தானை அழுத்தும் வாய்ப்பும் வேண்டும். ஆசிரியருக்கே வியப்பு வற்றிவிட்டால், அவர் மாணவருக்கு எதனை ஊற்றிக் கொடுப்பார்? இன்றைய பிள்ளைகளின் கையில் காமிராவோடு கூடிய தொலைபேசி இருக்கிறது. ஒரு நாளில் நூறு படம் எடுக்கிறார்கள். எடுத்ததைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்கும் பழக்கத்தை நாம்தான் ஊட்ட வேண்டும்.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைச் சபைகூடலின் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். ‘இந்த வாரம் நான் கண்டது’ என ஒரு மாணவர் எழுந்து சொல்லலாம். புதியதோ பெரியதோ சிறியதோ மாறியதோ, எதுவாயினும் ஏற்கப்படும். பரிசு ஒரு பென்சில் மட்டுமே. சில வாரங்களுக்கு முன் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, கொடிக்கம்பத்தின் நிழல் காலையில் இருந்த இடத்தில் ஓய்வு நேரத்தில் இல்லை. அது எங்கே போகிறது?” என்று கேட்டாள். பெரிய மாணவர்கள் சிரித்தனர். அவள் வகுப்பாசிரியை சிரிக்கவில்லை. அன்றைய பாடத்திட்டத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, வகுப்பைத் திடலுக்கு அழைத்துச் சென்று, மணிக்கொரு முறை நிழலின் முனையில் சுண்ணாம்பால் கோடிடச் செய்தார். மாலை மழையில் கோடுகள் அழிந்தன. திங்கட்கிழமை காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே, சிரித்த பெரிய மாணவர்களும் சேர்ந்து மீண்டும் கோடு வரைந்துகொண்டிருந்தனர்.